தோரியம்: சிதையும் அணுவைக் கண்ட வரலாறு

மின்சாரம் எங்கும் பரவாத நாட்களில், நம் ஊர்களில் கல்யாண ஊர்வலமானாலும் கோயில் திருவிழாவானாலும், தலைச்சுமையாய் வந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளே இரவைப் பகலாக்கின. அவ்விளக்கின் நடுவே தொங்கிய சிறு வலைப்பையை மேண்டில் என்பர். கட்டும்போது அது வெறும் துணிவலை. ஒருமுறை தீயிட்டதும் துணி எரிந்துபோய், பையின் வடிவிலேயே ஒரு சாம்பற்கூடு எஞ்சும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அச்சாம்பலே கண்ணைக் கூசவைக்கும் வெள்ளொளியைத் தந்தது. அதைத் தொட்டு உடைத்த பையன்கள் பெரியவர்களிடம் வசவு வாங்காத கல்யாணம் அரிது. ஆனால் அச்சாம்பல் யாது என்று கேட்டவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர்.

அது தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு. அணு என்பது ஆக்கவும் அழிக்கவும் இயலாதது என்று நூறாண்டுக் காலம் விஞ்ஞானிகள் கொண்டிருந்த உறுதியைக் குலைத்த பொருளும் இதுவே. இதன் பெருஞ்சேமம் நம் தென்கோடிக் கடற்கரை மணலில் கிடக்கின்றது. பிழைப்பை நாடி வடபுலம் வந்து குடியேறியுள்ள நம் சங்கத்துக் குடும்பங்கள், ஊர்ப்பக்கத்து மணலுக்குள் இத்தகைய வரலாறு ஒன்று புதைந்திருப்பதை அறிந்துகொள்வது நன்று எனக் கருதி இதனை எழுதலானேன்.

தோரியத்தை 1829-ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தவர் ஸ்வீடன் தேசத்து இரசாயன அறிஞர் பெர்சீலியஸ் ஆவார். அந்நாட்டாரின் பழைய இடித்தெய்வமாகிய தோர் என்பவன் பெயரை அதற்கு இட்டார். பெயர் இடியினுடையதாயினும், அறுபது ஆண்டுகள் அது எவ்வித ஓசையுமின்றிக் கிடந்தது. 1891-இல் வியன்னா நகரத்து ஆவர் என்பவர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும் கலந்த வலை, எரிவாயுத் தீயில் மிகுந்த ஒளி தரும் என்று கண்டார். உடனே ஐரோப்பியத் தெருக்களெல்லாம் அவ்விளக்கையே வேண்டின. தோரியத்திற்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அது மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து எடுக்கப்படுவது. மோனசைட்டோ பிரேசில் நாட்டுக் கடற்கரையிலிருந்து வரவேண்டியிருந்தது.

இந்நிலையில், 1909-ஆம் ஆண்டு, ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர், திருவாங்கூர்ச் சீமையிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டிவந்த மணலில் மோனசைட் இருக்கக் கண்டார். கயிறு திரிக்கும் நாரோடு கப்பலேறிய மணல் தன் ஊரைத் தானே காட்டிக்கொடுத்தது! அம்மணலின் தடத்தைப் பிடித்து வந்தவர், சில ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலையை நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டதும் அத்தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. மணவாளக்குறிச்சி அந்நாளில் திருவாங்கூர் அரசுக்கு உட்பட்டது. 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டத்தோடு நம் மாநிலத்தில் சேர்ந்தது.

நிற்க. விளக்குக்காரர்கள் தோரியத்தை எரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆராய்ச்சிச் சாலைகளில் அதனைப் பற்றி வேறொரு செய்தி வெளிப்பட்டது. 1896-இல் பாரிஸ் நகரத்துப் பெக்கரல், யுரேனிய உப்பு இருட்டறையிலும் போட்டோத் தகட்டைக் கருக்கச் செய்வதைக் கண்டார். 1898-இல் மேரி கியூரி அம்மையாரும், ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும், தோரியத்திற்கும் அக்குணம் உண்டென்று தனித்தனியே கண்டறிந்தனர். இக்குணத்திற்குக் கதிரியக்கம் என்று பெயராயிற்று. கியூரி தம்பதியர் ரேடியம் கண்ட வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஆனால், கதிர் எங்கிருந்து வருகின்றது, அதற்கான சக்தியை யார் தருகின்றார் என்னும் கேள்விக்கு விடை பாரிஸில் கிடைத்திலது. அது கடல் கடந்து, கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில், தோரியத்தின் வழியாகக் கிடைத்தது. இப்பகுதி பலரும் அறியாததாகலின் சற்று விரிவாய்ச் சொல்வேன்.

அந்நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்திற்கு 1898-இல் பௌதிகப் பேராசிரியராய் வந்தவர் ரூதர்போர்டு. நியூசிலாந்துத் தீவில் பிறந்த இவருக்கு அப்போது வயது இருபத்தேழு. அங்குள்ள ஆராய்ச்சிச் சாலையைக் கட்டித் தந்தவர் புகையிலை வாணிபத்தால் பெரும்பொருள் ஈட்டிய மெக்டனால்டு என்பவர். புகை பிடிப்பதை அவரே அருவருத்தார் என்பர். ரூதர்போர்டோ ஓயாமல் புகைப்பவர். இருவரும் எவ்வாறு ஒத்துப்போயினரோ!

ரூதர்போர்டின் சக ஆசிரியரான ஓவன்ஸ் என்பவர், 1899-இல் தோரியத்தின் கதிரை அளந்தபோது ஒரு தொல்லையைக் கண்டார். கதவைத் திறந்தால் அளவு மாறியது. மூடினால் பழைய நிலைக்கு வந்தது. யுரேனியத்தில் இத்தொல்லை இல்லை. கருவி சரியில்லை என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. காற்றோட்டம் எதையோ அடித்துச் செல்கின்றது என்று ஊகித்த ரூதர்போர்டு, தோரியத்தின் மேல் காற்றைச் செலுத்தி, அக்காற்றை மட்டும் ஒரு குழாய் வழியே வேறு பாத்திரத்தில் சேர்த்தார். அங்கே தோரியம் ஒரு துளியும் இல்லை. ஆயினும் கதிரியக்கம் இருந்தது. தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிகின்றது என்பது தெளிவாயிற்று. அதனை அவர் தோரியக் கசிவு என்னும் பொருளில் பெயரிட்டு, 1900-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

காற்றோட்டத்தை நிறுத்தியதும் அக்கசிவின் கதிரியக்கம் குறையத் தொடங்கியது. எவ்வாறு குறைந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் எஞ்சிய பாதியும் போய் ஒன்றுமில்லாமல் ஆகவில்லை. எஞ்சியதில் பாதி போயிற்று. அதற்கடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. கணக்கேடு எழுதும் நம்போன்றார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒருவர் ஆயிரம் ரூபாய்க் கடன் பட்டிருக்கின்றார். ஒவ்வொரு மாதமும் அன்றைய பாக்கியில் பாதியைச் செலுத்துகின்றார். முதல் மாதம் ஐந்நூறு, இரண்டாம் மாதம் இருநூற்றைம்பது, மூன்றாம் மாதம் நூற்றிருபத்தைந்து என்று பாக்கி இறங்கும். பத்தாம் மாத முடிவில் ஒரு ரூபாய்க்கும் குறைவே நிற்கும். ஆனால் 'பற்றாகி நேராயிற்று' என்று எழுதி ஏட்டை மூடும் நாள் எதுவென்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. பாக்கி பாதியாகும் இக்காலத்திற்கு அரை ஆயுள் என்று பெயர்.

இதனுள் ஒளிந்திருக்கும் விந்தையைப் பலர் கவனிப்பதில்லை. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் எடுத்தவர்கள் அறிவார்கள்: இருபது வயதினனுக்குப் பிரிமியம் குறைவு, ஐம்பது வயதினனுக்கு மிகுதி. வயது ஏற ஏற மரணம் நெருங்குகின்றது என்பதே அதன் காரணம். அணுக்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் எழுதுவதாயின், எல்லா வயதுக்கும் ஒரே பிரிமியந்தான் விதிக்கவேண்டும். இப்போது பிறந்த தோரியக் கசிவின் அணுவும், பத்து நிமிடம் தப்பிப் பிழைத்த அணுவும், அடுத்த நிமிடத்தில் சிதைவதற்கு ஒரே வாய்ப்பை உடையவை. அணுவுக்கு மூப்பு இல்லை, தேய்மானம் இல்லை. இந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்தால், எத்தனை எப்போது சிதையும் என்பதைக் கடிகாரம் போலச் சொல்லிவிடலாம். தனித்தனியே நிச்சயமின்மை, கூட்டத்தில் நிச்சயம்! இதன் காரணம் ரூதர்போர்டுக்கே அன்று தெரியாது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ரூதர்போர்டு பௌதிகர். அந்த வாயு என்ன பொருள் என்று சோதிக்க ஓர் இரசாயனர் தேவைப்பட்டார். ஸாடி என்னும் ஆங்கில இளைஞர், டொரண்டோவில் ஒரு பேராசிரியர் பதவியை நாடிக் கனடா வந்து, அது கிட்டாமையால் 1900-இல் மெக்கிலில் சிறு பதவி ஒன்றை ஏற்றிருந்தார். வயது இருபத்துமூன்று. இருவரின் முதற் சந்திப்பு நட்பாக அமைந்ததென்று சொல்வதற்கில்லை. 1901 மார்ச்சில் பல்கலைக்கழகப் பௌதிகக் கழகத்தில் நிகழ்ந்த விவாதத்தில், அணுவினும் சிறிய பொருள்கள் உண்டென்று ரூதர்போர்டு வாதிக்க, இரசாயனரின் அணு பிளவுபடாதது என்று ஸாடி எதிர்த்து வாதாடினார். அந்த அணுவை உடைத்துக் காட்டும் பணியில் அவரே சில மாதங்களில் சேரப்போகிறார் என்று அவையில் இருந்த எவரும் நினைத்திருக்கமாட்டார்.

ஸாடி அக்கசிவைச் செஞ்சூடான உலோகங்களின் மேலும் கடுமையான இரசாயனப் பொருள்களின் மேலும் செலுத்திப் பார்த்தார். எதனோடும் அது கூடவில்லை. ஆர்கான் முதலிய செயலற்ற வாயுக்களின் இனம் அது. அப்படியாயின் தோரியம் என்னும் உலோகம், தனக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு தனிமமாய் மாறிக்கொண்டிருக்கின்றது! இதனை உணர்ந்த கணத்தில் தாம் வாய்விட்டுக் கூவியதையும், 'இதனைத் தனிம மாற்றம் என்று சொல்லாதே, நம்மை இரசவாதிகள் என்று தலையை வாங்கிவிடுவர்' என்னும் பொருள்பட ரூதர்போர்டு தடுத்ததையும் ஸாடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இரசவாதம் நம் சித்தர் மரபில் பழக்கமான சொல். இரும்பைப் பொன்னாக்குவதாய்ச் சொல்லி ஊரை ஏய்த்தவர்களின் கதைகளும் நம்மிடம் உண்டு. ஐரோப்பாவிலும் நிலைமை அதுவே. பெயர் வாங்கவேண்டிய வயதில் இருந்த இரு இளைஞர்கள் அப்பட்டத்திற்கு அஞ்சியது இயல்பே.

அச்சத்திற்குக் காரணம் இருந்தது. இவ்வாராய்ச்சி தம் பல்கலைக்கழகத்திற்கே இழிவைத் தேடித்தருமோ என்று சக ஆசிரியர் சிலர் கவலையுற்றனர். அவையில் எழுந்து ரூதர்போர்டின் பக்கம் பேசியவர் ஆராய்ச்சிச் சாலையின் தலைவரான ஜான் காக்ஸ். அவர் தம் இளைய சகாவின் புகழில் பங்கு கேட்டவரல்லர். கற்பிக்கும் சுமையிற் பலவற்றைத் தாமே ஏற்று, ரூதர்போர்டுக்கு ஆராய்ச்சிக்கான ஓய்வை உண்டாக்கிக் கொடுத்தவர். விஞ்ஞான நூல்கள் இவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்பது என் குறை.

சான்று முற்றுப்பெற்றது 1901-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில். டிசம்பரில் அவர்கள் தோரியம் நைட்ரேட்டுக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்துத் தோரியத்தை வீழ்படிவாய்ப் பிரித்தனர். பிரித்த தோரியத்தில் கதிரியக்கம் பெரும்பாலும் போயிருந்தது. வடித்த நீரை வற்றவைத்துக் கிடைத்த மிகச் சிறு எச்சத்திலோ அது மிகுந்திருந்தது. அவ்வெச்சத்தைத் தோரியம் எக்ஸ் என்றனர். ஆயின் தோரியத்திற்குச் சொந்தமாய்க் கதிரியக்கமே இல்லையோ, எல்லாம் அதில் கலந்த அழுக்கின் வேலையோ என்ற ஐயம் எழுந்தது. இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு விடுமுறைக்குச் சென்றனர். ஜனவரியில் திரும்பிவந்து அளந்தபோது, தோரியம் எக்ஸ் தன் கதிரியக்கத்தை இழந்து கிடந்தது. தோரியம் தான் இழந்ததை முழுதும் மீட்டுக்கொண்டிருந்தது!

சோதனையைத் திரும்பச் செய்து நாள்தோறும் அளந்தனர். ஒன்று நான்கு நாளில் பாதியாய் இறங்கியது. மற்றொன்று அதே நான்கு நாளில் பாதியளவு ஏறியது. இரண்டையும் கூட்டினால் எந்நாளும் ஒரே தொகை. பற்றும் வரவும் ஒரு பைசா பிசகாமல் நேராகும் ஏட்டைக் கண்ட கணக்கருக்கு உண்டாகும் மகிழ்ச்சி அவர்களுக்கு உண்டாகியிருக்கும். பொருள் விளங்கிவிட்டது. தோரியம் ஓயாமல் தோரியம் எக்ஸை ஆக்கிக்கொண்டிருக்கின்றது; தோரியம் எக்ஸ் சிதைந்து கசிவு வாயுவாகின்றது; அவ்வாயுவும் சிதைகின்றது. ஓர் அணு மற்றோர் அணுவாய் மாறும் கணத்தில் எறியப்படுவதே கதிர். 1902-லும் 1903-லும் வெளியான கட்டுரைகளில் இதனை அவர்கள் கூறினர். ரூதர்போர்டுக்கு 1908-லும், ஸாடிக்கு 1921-ஆம் ஆண்டுக்குரியதாகவும், இரசாயனத்திற்கான நோபெல் பரிசு கிட்டிற்று. பௌதிகராகிய தமக்கு இரசாயனப் பரிசு கிடைத்ததைக் குறித்து, தாம் கண்ட மாற்றங்களிலெல்லாம் விரைவானது தாம் பௌதிகரிலிருந்து இரசாயனராய் மாறியதே என்று ரூதர்போர்டு நகையாடினார் என்பர்.

இச்சிதைவை விரைவுபடுத்தவோ தாமதப்படுத்தவோ இயலுமா என்று பலரும் முயன்றனர். திரவக் காற்றில் குளிர்வித்தனர்; உலையில் காய்ச்சினர்; அமிலத்தில் கரைத்தனர். தோரியமும் அதன் சந்ததியும் எதற்கும் அசையவில்லை. சுற்றியுள்ள எலெக்ட்ரானை உட்கொண்டு மாறும் பெரிலியம் போன்ற சிலவற்றில் மட்டும், நூற்றில் ஒரு பங்கினும் குறைவான மாறுதலைப் பின்னாளில் அளந்துள்ளனர். ஆகவே, நம் கல்யாண விளக்கில் வெள்ளொளி வீசுமளவு காய்ந்தபோதும், பெட்டியில் குளிர்ந்து கிடந்தபோதும், மேண்டிலிலுள்ள தோரியம் ஒரே வீதத்தில்தான் சிதைந்துகொண்டிருந்தது.

அவ்வீதம் எவ்வளவு? தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பூமியின் வயதோ சுமார் 454 கோடி ஆண்டுகள். பூமி தோன்றியபோது இருந்த தோரியத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு இன்றும் அப்படியே இருக்கின்றது. இவ்வளவு மந்தமாயின் அதனை எவ்வாறு அளந்தனர் எனலாம். ஒரு கிராம் தோரியத்தில் நொடிதோறும் ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. நொடிக்கு நாலாயிரம் செலவழிந்தும் பாதி தீர 1,400 கோடி ஆண்டு ஆகுமென்றால், ஒரு கிராமில் அடங்கிய அணுக்களின் தொகையை எண்ணிப் பாருங்கள்.

தோரியம் சிதைந்து முடிவில் நிலைபெறும் வரை பத்துக் கட்டங்களைக் கடக்கின்றது. ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு நேரம் நிற்கும் வண்டியை ஒத்தது இப்பயணம். புறப்படும் இடத்தில் 1,400 கோடி ஆண்டு. அடுத்து வரும் ரேடிய வகையில் ஏறத்தாழ ஆறு ஆண்டு. ஆக்டினியத்தில் ஆறு மணி. வேறொரு தோரிய வகையில் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. தோரியம் எக்ஸில் மூன்றரை நாளுக்குச் சற்று மேல். கசிவு வாயுவில் ஐம்பத்தாறு விநாடி. பிறகு பொலோனிய வகை ஒன்றில் விநாடியில் ஏழில் ஒரு பங்கு. அதன்பின் ஈய வகை ஒன்றில் பத்தரை மணி, பிஸ்மத்தில் ஒரு மணி. இறுதியாகப் பெரும்பாலான அணுக்கள் தங்கும் பொலோனியம் நிற்பதோ விநாடியைப் பத்து லட்சமாய்ப் பகுத்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு! முடிவிடம் ஈயம். பாதரசம் பொன்னாகும் என்று இரசவாதிகள் காத்திருந்தனர்; இயற்கை விலையுயர்ந்த உலோகத்தை ஈயமாக்கிக்கொண்டிருக்கின்றது.

முடிவிடம் ஈயமே என்பதை மெய்ப்பித்ததில் இலங்கைக்குப் பங்குண்டு. ஒரே தனிமத்தின் அணுக்களே வெவ்வேறு எடை உடையனவாய் இருக்கலாம் என்று 1913-இல் ஸாடி கூறினார். அது மெய்யாயின், தோரியத்திலிருந்து பிறந்த ஈயம் சாதாரண ஈயத்தினும் கனமாய் இருத்தல்வேண்டும். தோரியத்தின் எடை 232. வழியில் ஹீலியம் அணுவின் உட்கருவாகிய ஆல்ஃபாத் துகள்கள் ஆறு வெளியேறும். ஒவ்வொன்றும் எடை 4. எஞ்சுவது 208. இதனைச் சோதிக்க, தோரியம் மிகுந்த இலங்கைக் கனிமமாகிய தோரைட்டிலிருந்து ஸாடி ஈயத்தைப் பிரித்தெடுத்தார். சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2. தோரைட்டு ஈயத்தின் எடை ஏறத்தாழ 207.7 என்று வந்தது. கனிமத்தில் வேறு ஈயமும் சிறிது கலந்திருந்தமையால் 208-ஐ முழுதும் எட்டவில்லை. ஒரே ஈயம், இரண்டு எடை!

தாயாகிய உலோகம் எவ்வளவு, சேயாகிய ஈயம் எவ்வளவு என்று அளந்தால் பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். பூமி சூடான உருண்டையாய்த் தோன்றிக் குளிர்ந்தது என்று கணக்கிட்ட கெல்வின் பிரபு, 1897-இல் அதன் வயதை இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டுகளுக்குள் அடக்கியிருந்தார். 1904-இல் இலண்டனில் ரூதர்போர்டு பேசியபோது, முதியவராகிய கெல்வினும் அவையில் இருந்தார். புதிய வெப்ப மூலம் எதுவும் கண்டுபிடிக்கப்படாவிட்டால் என்று அவரே முன்பு ஒரு நிபந்தனை விதித்திருந்ததை எடுத்துக்காட்டி, அத்தீர்க்கதரிசனம் பலித்தது என்று ரூதர்போர்டு சாமர்த்தியமாய்ச் சொன்னார். 1907-இல் அமெரிக்கரான போல்ட்வுட், யுரேனியக் கனிமங்களில் ஈயத்தை அளந்து, 40 கோடி முதல் 220 கோடி ஆண்டு வரை வயது கண்டார். விண்கற்களின் ஈயத்தை அளந்து, 455 கோடி என்ற தொகையை 1956-இல் வெளியிட்டவர் பாட்டர்சன்.

அணுவுக்கு மூப்பில்லாமை ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன் என்றேன். விடை 1928-இல் கிடைத்தது. அணுவின் உட்கருவைச் சுற்றி மின்விசையாலாகிய மதில் ஒன்று உண்டு. அதனைத் தாண்டப் போதிய ஆற்றல் உள்ளேயிருக்கும் ஆல்ஃபாத் துகளுக்கு இல்லை. நம் உலகில் அத்தகைய பந்து என்றும் உள்ளேயே கிடக்கும். நுண்துகள்களோ அலையின் தன்மையும் உடையன. மதிலுக்கு அப்பால் தோன்றிவிட அவற்றிற்கு மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பு கணந்தோறும் ஒரே அளவினது. முன்பு எத்தனை முறை மோதியது என்பது கணக்கில் வாராது. ருஷிய இளைஞர் காமாவும், வேறாக கர்னி, காண்டன் என்னும் இருவரும் இதனை விளக்கினர். தோரியத்திலிருந்து வரும் துகளின் ஆற்றலுக்கும், கடைசிப் பொலோனியத்திலிருந்து வரும் துகளின் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்குக்குச் சற்று மிகுதியே. அந்த இரண்டு மடங்கு, 1,400 கோடி ஆண்டை விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடுகின்றது. இதனைப் படித்தபோது ஒரு நாழிகை வேறெதிலும் மனம் செல்லவில்லை.

இனி நம் மணலுக்கு வருவோம். நம் கடற்கரை மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை தோரியம் ஆக்ஸைடு உண்டு. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பெற்றது. யுரேனியம் குறைந்து தோரியம் மிகுந்த நம் நாட்டிற்கெனப் பாபா வகுத்த அணுமின் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தோரியத்தையே நம்பியது. தோரியம் தானே எரியாது. அது ஒரு நியூட்ரானை ஏற்று, இருபத்திரண்டு நிமிட அரை ஆயுள் உடைய ஒரு நிலையையும், இருபத்தேழு நாள் அரை ஆயுள் உடைய புரோட்டாக்டினியத்தையும் கடந்து யுரேனியம் 233 ஆதல்வேண்டும். அவ்வெரிபொருளால் இயங்கும் காமினி என்னும் சிறிய உலை, 1996-இல் கல்பாக்கத்தில் செயற்படத் தொடங்கிற்று. அதன் வெப்ப ஆற்றல் 30 கிலோவாட்டே. ஆராய்ச்சிக்கு மட்டும் உரியது. வீட்டு விளக்கை எரிக்கும் பெரிய தோரிய நிலையம் இன்னும் அமையவில்லை. தோரியத்தால் நாடு நாளையே செழிக்கும் என்று மேடையில் பேசுவோர் இதனை நினைவில் வைப்பது நலம்.

மேண்டிலைப் பற்றியும் ஒரு சொல். பல நாடுகளில் இப்போது தோரியத்திற்கு மாறாக யிட்ரியத்தைப் பயன்படுத்துகின்றனர். விளக்கருகே அமர்வதால் வரும் கதிர் மிகச் சிறிது, அஞ்ச வேண்டுவதில்லை. பழைய மேண்டிலை மாற்றும்போது மட்டும் அச்சாம்பலை ஊதாமலும் மூச்சில் ஏறவிடாமலும், குழந்தைகளைத் தள்ளி வைத்தும் அப்புறப்படுத்துவது நன்று. வெளியே தோலைத் துளைக்க இயலாத ஆல்ஃபாத் துகள், நுரையீரலுக்குள் சென்று தங்கினால் தீங்கு செய்யவல்லது.

அம்மணலின் மேலேயே பரம்பரையாய் வாழ்வோர் நிலை என்ன? கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையில், சில இடங்களின் இயற்கைக் கதிர் உலகச் சராசரியைவிடப் பன்மடங்கு மிகுதி. அங்கே சுமார் எழுபதாயிரம் பேரை 1990 முதல் 2005 வரை தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி, கதிரின் அளவிற்கேற்பப் புற்றுநோய் மிகுந்ததாய்க் காணவில்லை. 2009-இல் வெளியான இம்முடிவு ஆறுதல் தருவதே. ஆனால் அது இயற்கையாய்க் கிடக்கும் மணலின் மேல் வாழ்வோரைப் பற்றியது. மணலைத் தோண்டுவதும், பிரிப்பதும், தோரியத்தைச் செறிவாக்குவதும், கழிவை வைப்பதும் வேறு வினாக்கள். கரை அரிப்பும் மீன்பிடித்தொழிலும் கதிரோடு தொடர்பே இல்லாத வேறு கவலைகள். 2024-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றி அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம், கடலோர மக்களின் எதிர்ப்புக்கிடையே தள்ளிவைக்கப்பட்டது. அம்மக்களை விஞ்ஞானம் அறியாதார் என்று ஒதுக்குவது முறையன்று என்பது என் கருத்து. கருநாகப்பள்ளி ஆராய்ச்சியை அவர்களிடம் காட்டுவோர், கிள்ளியூரில் தோண்டுவதற்கு முன்னும் தோண்டிய பின்னும் ஊர்தோறும் கதிரை அளந்து, அத்தொகைகளைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுக்கவும் கடமைப்பட்டவராவர்.